ஒப்புதலும் மனச்சான்றும்: இராசேந்திர பிரசாத் – நேரு மடல்கள்

முன்னுரை

தமிழில் கடித இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மு. வரதராசனாரின் மடல்களோடும் அறிஞர் அண்ணாவின் ‘தம்பிக்கு’ மடல்களோடும் நின்றுவிடுகின்றன. அவை அறிவுரை மடல்கள். எழுதுபவர் மூத்தவராகவும் படிப்பவர் இளையவராகவும் பெரும்பாலும் அமைவர். உயர் பொறுப்பிலிருந்த இருவர் கருத்து மாறுபட்டு எழுதிக்கொண்ட மடல்கள் நம் வகுப்பறைகளுக்கு வருவது அரிது. அவ்வகையில் 1951 செப்டம்பரில் இந்தியக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத், தலைமை அமைச்சர் நேருவுக்கு எழுதிய மடலும் அதற்கான மறுமொழியும் கருதத்தக்கன.

மடலின் பின்புலம்

இந்துக்களின் திருமணம், மணவிலக்கு, சொத்துரிமை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைச் சட்ட அமைச்சர் அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தார். அன்றைய நாடாளுமன்றம் இடைக்கால அவையே. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவையன்று. முதற் பொதுத்தேர்தல் அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கவிருந்தது.

பிரசாத்தின் வாதத்தில் இரு கூறுகள் உள்ளன. மக்கள் வாழ்வின் அடிப்படையைத் தொடும் சட்டத்தை மக்களின் நேரடி ஆணை பெறாத அவை இயற்றலாகாது என்பது ஒன்று. மசோதா தம்மிடம் வரும்போது, அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்படாமல் தம் சொந்தத் தீர்ப்பின்படியே முடிவெடுக்க விரும்புவதாக அறிவித்தது மற்றொன்று.

நேரு இரண்டாவது கூற்றை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு மாறாகச் செயற்படக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரமில்லை என்பது அவர் நிலை. சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரிடமும் அரசின் தலைமை வழக்கறிஞர் செதல்வாடிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்றே இருவரும் கூறினர்.

மதிப்பீடு

பிரசாத்தின் இரு வாதங்களும் தனித்தனியே நோக்கும்போது வலிமையுடையனபோல் தோன்றும். சேர்த்து நோக்கினால் ஒன்றையொன்று அழிப்பதைக் காணலாம். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத அவைக்கு உரிமையில்லை எனின், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரின் தனித்தீர்ப்புக்கு அவ்வுரிமை எங்ஙனம் வரும்? மேலும், அமைச்சரவையின் அறிவுரையை ஏற்கும் மரபு இந்தியாவிலும் நிலைபெறும் என 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்தில் நம்பிக்கை தெரிவித்தவரும் அவரே.

ஆயினும் இம்மடலைப் பிழையெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தம் ஐயத்தை அவர் மறைவில் வளர்க்கவில்லை; உரியவரிடம் எழுத்தில் வைத்தார். மசோதா அவ்வமர்வில் நிறைவேறவில்லை. அம்பேத்கர் பதவி விலகினார். தேர்தலில் இச்சட்டத்தை எதிர்த்துப் போட்டியிட்ட பிரபு தத் பிரம்மச்சாரியை நேரு வென்றார். பின்னர் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாக இது நிறைவேறியபோது, பிரசாத் அனைத்துக்கும் ஒப்புதல் அளித்தார். மக்களின் ஆணை வேண்டுமென்ற தம் முதல் வாதத்துக்கு அவர் உண்மையாக நடந்துகொண்டார் எனலாம். எனினும் அவர் ஐயம் தீர்ந்துவிடவில்லை. 1960 நவம்பரில் குடியரசுத் தலைவரின் அதிகாரம் ஆராயப்பட வேண்டுமெனப் பொதுமேடையில் மீண்டும் கூறினார். அறிவுரையை ஏற்றே தீரவேண்டும் என்பது 1976இன் 42ஆவது திருத்தத்தால்தான் எழுத்தில் வந்தது. மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பியனுப்பும் உரிமையை 1978இன் 44ஆவது திருத்தம் தந்தது.

இம்மடற்போரின் குறையையும் சுட்டியாக வேண்டும். அதிகாரம் யாருக்கு என்ற வினா மேலோங்கியதால், மணவிலக்கும் சொத்துரிமையும் வேண்டி நின்ற பெண்களின் நிலை பின்னுக்குச் சென்றுவிடுகிறது. இவ்வாதத்தின் விலையை நான்காண்டுக் காத்திருப்பாகச் செலுத்தியவர்கள் அவர்களே.

மலேசியச் சூழலில்

இவ்விரு வினாக்களும் நமக்கும் அயலானவையல்ல. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை ஒருவனுக்கு ஒருத்தி என வரையறுத்த 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை, நம் மாணவர்களின் பெற்றோர் பலர் அச்சட்டத்தின்கீழ் மணம் செய்துகொண்டவர்களே. ஒப்புதல் பற்றிய வினா 1983இல் இங்கும் எழுந்தது. மசோதாவை மாமன்னர் காரணங்காட்டித் திருப்பியனுப்ப 1984இன் திருத்தம் வழிசெய்தது. 1994இன் திருத்தம் அதனை நீக்கி, 30 நாளில் மசோதா தானே சட்டமாகும் என்றாக்கியது.

முடிவுரை

கடிதம் எழுதுதலை முகவரி, விளிப்பு, கையொப்பம் என்னும் அமைப்பாகவே நாம் கற்பிக்கிறோம். மாறுபடும் கருத்தை, மதிப்புக் குறையாமல், உரியவரிடமே எழுதும் துணிவும் கடிதக்கலையின் பகுதியே. ஒரு நாட்டின் அரசியலமைப்பு விட்டுச்சென்ற இடைவெளியை இம்மடல்கள் வெளிக்கொணர்ந்தன. அவற்றைத் தமிழில் பெயர்த்து வகுப்பறைக்குக் கொண்டுவருதல் நம் கடமையாகும்.