ஒரு நம்பர் பிளேட்டின் அரசியல்

1956இல் சென்னையில் நடப்பதாகச் சொல்லும் ஒரு படம். மாரிஸ் மைனர் கார், வால்வு ரேடியோ எல்லாம் அச்சு அசல். காரின் நம்பர் பிளேட்டில் மட்டும் 'டி.என்.' இருந்தது. "அதப் போயி யாரு சார் பாக்குறா?" என்றார் நண்பர்.

பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் செத்துப்போனது அதே 1956 அக்டோபரில். பெயர் மாறியது 1969இல். பலகையில் 'டி.என்.' ஏறியது 1989இல். 1956இல் சென்னை ராஜ்யத்துக் கார்கள் 'எம்' என்று தொடங்கும் மூன்றெழுத்தோடுதான் ஓடின. பெயர் மாறிய பிறகும் அந்தக் கார்கள் அதே எழுத்தைச் சுமந்தன.

உயிரைக் கொடுத்தும் ஒருவருக்குக் கிடைக்காத பெயரை இந்தப் பிரதி இனாமாக வழங்கிவிடுகிறது. கேட்டவர் இருந்த தடயமும் அத்தோடு போய்விடுகிறது.