பெரிய கிராணியின் பேட்ச் கோப்புகளும் ஃபோர்டாஸும்

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் இன்னும் ஒரு டாஸ் கணினி இருக்கிறது. சம்பளக் கணக்கு விண்டோஸுக்குப் போய் வெகுகாலமாகிவிட்டது. ஆனால் 1990களின் செக்ரோல் (தொழிலாளர் வேலை நாள், சம்பளப் பதிவேடு) மொத்தமும் இந்தப் பழைய பெட்டிக்குள்தான். கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா ஒருவர் படியேறி வந்து, நான் எந்த வருஷத்திலிருந்து இங்கே பேர் போட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றால், வேறு வழியில்லை, இதைத்தான் எழுப்ப வேண்டும். சேமநிதிப் பிடித்தம், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலை நாள், நிறுத்த கிலோ எல்லாம் இதில் இருக்கின்றன.

கணக்குச் செயலியில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் அதைச் சுற்றி வளர்ந்திருந்த பேட்ச் கோப்புகளில். ஓய்வுபெற்றுப் போன பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) தேவைப்பட்டபோதெல்லாம் ஒன்று எழுதியிருக்கிறார். பாக்1, பாக்நியூ, எம்எண்ட், எம்எண்ட்2, எக்ஸ், எக்ஸ்எக்ஸ் என்று சி டிரைவின் வாசலிலேயே ஐம்பது அறுபது கோப்புகள். எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்கச் சொன்ன காலம் அது. எழுதியவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. எம்எண்ட் மாத முடிவுக் கணக்கைப் பூட்டிவிட்டுத் தற்காலிகக் கோப்புகளை அழிக்கும். எம்எண்ட்2 அந்த மாதப் பட்டியலை அச்சடிக்க மட்டும் செய்யும். பெயரில் ஓர் இலக்கம்தான் வேறுபாடு. “அண்ணே, எதை அமுக்குனா அழியாது?” என்று இப்போதைய சின்ன கிராணி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் ஃபோர்டாஸை அந்தக் கணினியில் ஏற்றினேன்.

ஃபோர்டாஸ் என்பது டாஸின் கமாண்ட்.காம் இருக்கும் இடத்தில் உட்காரும் மாற்றுக் கட்டளை ஷெல். ரெக்ஸ் கானும் டாம் ராசனும் எழுதி, ஜேபி சாஃப்ட்வேர் வழியாக 1989இல் ஷேர்வேராக வெளியிட்டார்கள். நார்ட்டன் யுடிலிட்டீஸ் தன் ஆறாம் பதிப்பில் என்டாஸ் என்ற பெயரில் இதையே உரிமம் வாங்கிச் சேர்த்தது. பின்னாளில் இலவசமானது, மூல நிரலும் வெளிவந்தது. எம்எஸ்-டாஸிலும் ஃப்ரீடாஸிலும் ஓடும், டாஸ்பாக்ஸுக்குள்ளும் ஓடும்.

நிறுவுவதற்கு ஒரு சொல். உடனே கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஷெல் வரியை மாற்ற வேண்டாம். வழக்கமான டாஸ் வரியிலிருந்தே ஃபோர்டாஸைக் கூப்பிட்டு, அதற்குள் வேலை பார்த்து, எக்ஸிட் அடித்து வெளியே வரலாம். கணக்குச் செயலி அதற்குள் ஒழுங்காகத் திறந்து, அச்சும் போகிறது என்று கண்ட பிறகுதான் நிரந்தரமாக்கினேன். நினைவகத்துக்குப் பயப்படத் தேவையில்லை. எக்ஸ்டெண்டட் மெமரி இருந்தால் தன் பெரும்பகுதியை அங்கே ஒதுக்கிவிட்டு, 640 கேபிக்குள் மிகக் கொஞ்சமே பிடித்துக்கொள்கிறது.

இனி வேலைக்கு வருவோம். இதில் என் மனத்தைப் பிடித்தது டிஸ்கிரைப் என்ற ஒரே கட்டளை. கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதற்கு ஒரு விளக்க வரி எழுதச் சொல்லும். அதன்பின் டிர் போடும்போதெல்லாம் பெயர், அளவு, தேதிக்குப் பக்கத்தில் அந்த வரியும் வரும். விளக்கங்கள் அந்தந்த டைரக்டரியில் டிஸ்கிரிப்ட்.அயன் என்ற மறைகோப்பில் சாதாரண உரையாகச் சேர்கின்றன. ஃபோர்டாஸின் காப்பி, மூவ், ரென், டெல் எதைச் செய்தாலும் விளக்கமும் கோப்போடு கூடவே நகர்கிறது, பெயர் மாறுகிறது, அழிகிறது.

நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது: ஒவ்வொரு விளக்கமும் பார், அச்சு, நகல், அழி என்ற நான்கு சொற்களில் ஒன்றில் தொடங்க வேண்டும். “பார்: ஒருவரின் வருட வேலை நாள்.” “அச்சு: மாதப் பட்டியல், அகலத் தாள்.” “அழி: மாத முடிவு, கேட்காமல் தொடாதே.” டிர் கட்டளைக்கு ஸ்லாஷ் ஐ போட்டு, அந்த முதற்சொல்லைக் கொடுத்தால், அந்த வகைக் கோப்புகள் மட்டும் திரையில் நிற்கும். ஆபத்தானவை எவை என்று பார்க்க இனி ஒரே வரி போதும். சின்ன கிராணியின் கேள்விக்கு இதுதான் பதில்.

விளக்கம் எழுதுவதற்கு முன்னால் கோப்பு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமே. அங்கே இரண்டு கருவிகள் கை கொடுத்தன. ஒன்று எஃப்ஃபைண்ட்: எல்லா டைரக்டரிகளிலும் புகுந்து, டெல் என்ற சொல் வரும் பேட்ச் கோப்புகளை வரியோடு எடுத்துக் காட்டியது. அழிக்கக்கூடியவை எவை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கால் போடாமல் இன்னொரு பேட்ச் கோப்பை அழைத்து, திரும்பி வராமலே போன இடங்களையும் அதே வழியில் பிடித்தேன். அந்த வரிகளுக்குக் கீழே பெரிய கிராணி எழுதியிருந்த நகலெடுப்பு ஒருநாளும் ஓடியதில்லை.

இரண்டாவது, பேட்ச் டிபக்கர். செட்டாஸ் கட்டளையில் ஸ்லாஷ் ஒய் ஒன்று என்று போட்டுவிட்டுக் கோப்பை ஓடவிட்டால், ஒவ்வொரு வரியையும் செய்வதற்கு முன் நின்று கேட்கும். எஸ் அடித்தால் அந்த வரி நடக்கும். எக்ஸ் அடித்தால் மாறிகளுக்கு மதிப்பு போட்டு, உண்மையில் என்ன கட்டளை போகப்போகிறது என்று விரித்துக் காட்டும். ஜே அடித்தால் அந்த வரியைச் செய்யாமல் தாண்டும். எம்எண்ட் கோப்பை இப்படித்தான் வரி வரியாக நடத்திப் பார்த்தேன். டெல் வந்து நின்றதும் எக்ஸ் அடித்து எந்த டைரக்டரி என்று பார்த்துவிட்டு, ஜே அடித்துத் தாண்டிவிட்டேன். முதலில் முழு டிஸ்குக்கும் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, நகலின்மேல்தான் இந்த வேலை. ஆனாலும் ஒரு பழைய கணக்கைத் தொட்டுப் பார்க்க இவ்வளவு பத்திரமான வழி கமாண்ட்.காமில் இல்லை.

ஃபோர்டாஸைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்குக் காரணம் பிடிஎம் கோப்பு. கமாண்ட்.காம் ஒரு பேட்ச் கோப்பைத் திறந்து, ஒரு வரி படித்து, மூடி, அந்த வரியைச் செய்துவிட்டு, மறுபடி திறந்து அடுத்த வரிக்கு வரும். கோப்பின் பின்னொட்டை பேட் என்பதிலிருந்து பிடிஎம் என்று மாற்றினால் போதும். ஃபோர்டாஸ் முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் எடுத்துக்கொண்டு அங்கிருந்தே நடத்தும். ஹார்ட் டிஸ்கில் இந்த வேக வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஃப்ளாப்பியில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, அதுவும் வேகத்தில் மட்டுமல்ல. பெரிய கிராணியின் பாக்ஓகே கோப்பு நகல் எடுக்கும் ஃப்ளாப்பியிலேயே இருந்தது. முதல் டிஸ்க் நிறைந்து அடுத்ததைப் போட்டதும், பேட்ச் கோப்பு இருக்கும் டிஸ்கைப் போடு என்று டாஸ் கேட்கும். மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகும். இந்த மலையின் ஈரத்தில் ஃப்ளாப்பிகளில் பூசணம் வேறு. அதே கோப்பைப் பிடிஎம் ஆக்கியதும் அந்தக் கேள்வியே வரவில்லை. டிஸ்கை எடுத்தாலும் கட்டளைகள் நினைவகத்தில் இருக்கின்றன.

மாற்றுவதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒரே டைரக்டரியில் ஒரே பெயரில் பிடிஎம், பேட் இரண்டும் இருந்தால் ஃபோர்டாஸ் பிடிஎம்மைத்தான் ஓட்டும், பழைய கமாண்ட்.காமோ பேட்டை மட்டும்தான் அறியும். ஆகவே பெரிய கிராணியின் மூலக் கோப்புகளை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டுவைத்தேன். ஏதாவது கோளாறு என்றால் பழைய ஷெல்லுக்குத் திரும்பினால் போதும், எல்லாம் முன்போலவே நடக்கும். நினைவகத்திலேயே தங்கிவிடும் டிஎஸ்ஆர் வகைச் செயலிகளை ஏற்றும் கோப்புகளை மட்டும் பேட்டாகவே விடுங்கள்.

ஓரிரு வரிக் கோப்புகளுக்கு ஏலியாஸ், அதாவது கட்டளைக்கு வைக்கும் குறும்பெயர். டைரக்டரி மாற்றி ஒரு செயலியைத் திறப்பதற்கென்றே பத்துப் பன்னிரண்டு பேட்ச் கோப்புகள் கிடந்தன. அவற்றை ஒரே உரைக் கோப்பில் ஏலியாஸ்களாக எழுதி, தொடக்கத்திலேயே ஏற்றச் செய்தேன். 1991இல் எம்எஸ்-டாஸ் 5உடன் வந்த டாஸ்கீயிலும் இப்படி மேக்ரோ போடலாம். ஆனால் பேட்ச் கோப்புக்குள் அது எடுபடாது. ஏலியாஸ் எடுபடும். அதோடு இஃப் கட்டளைக்கு எல்ஸ் இல்லாமல் கோட்டு போட்டுத் தாண்டித் தாண்டி எழுதியதையெல்லாம், இஃப்ஃப், எல்ஸ், எண்டிஃப்ஃப் என்று நேராக எழுத முடிகிறது. செட்லோக்கல் போட்டுத் தொடங்கினால், வேலை முடிந்ததும் பழைய டைரக்டரிக்கே திரும்பிவிடுகிறது.

குறைகளும் உண்டு. ^ என்ற குறியை ஃபோர்டாஸ் இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்கிறது. அச்சுப் பட்டியலின் தலைப்பை அழகுபடுத்த எக்கோ வரிகளில் இந்தக் குறியை வரிசையாகப் போட்டிருந்த கோப்பு ஒன்று, புதிய ஷெல்லில் பிழை மேல் பிழை காட்டியது. ஃபோர்டாஸ்.இனி கோப்பில் பிரிகுறியை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம்; நான் அந்த எக்கோ வரிகளையே மாற்றினேன். டிஸ்கிரிப்ட்.அயன் மறைகோப்பு என்பதால் வெளிச் செயலிகளால் நகல் எடுக்கும்போது அது பின்தங்கிவிடுகிறது. டாஸின் எக்ஸ்காப்பி அதைத் தொடாது. ஃபோர்டாஸின் சொந்தக் காப்பி கட்டளையில் எடுத்தால் விளக்கம் கூடவே போகும். இந்த ஒன்றைச் சின்ன கிராணியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு மனம் ஆறாத குறை, விளக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுத முடியாதது. டாஸ் காலத்திலேயே இந்த நாட்டில் முத்து நெடுமாறன் தம் முரசு மென்பொருள் மூலம் கணினித் திரையில் தமிழை ஓடவிட்டார். ஆனால் டாஸின் கட்டளை வரிக்கும் டிர் பட்டியலுக்கும் தமிழ் வரவில்லை. ஆகவே மேலே சொன்ன பார், அச்சு, நகல், அழி எல்லாம் ரோமன் எழுத்தில்தான் அங்கே இருக்கின்றன. விளக்கத்தின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ரோமன் எழுத்தில் தமிழ் நீண்டுவிடும், ஃபோர்டாஸ்.இனியில் அதைக் கூட்டிக்கொண்டேன்.

யாருக்கு ஃபோர்டாஸ் தேவை? டாஸில் ஒரே செயலியைத் திறந்து மூடுபவருக்குத் தேவையில்லை. ஒருவர் எழுதிவைத்த பேட்ச் கோப்புகளை இன்னொருவர் பொறுப்பேற்கும் இடங்களில், தோட்ட ஆபீஸோ கூட்டுறவுச் சங்கமோ பழைய அச்சகமோ, தயங்காமல் ஏற்றலாம். பேஜ் அப் விசையை அமுக்கினால் முன்பு அடித்த கட்டளைகள் சாளரமாக வருவது, எஃப் ஒன்று அமுக்கினால் முழுக் கையேடும் திறப்பது, 127 எழுத்துக்கு மேல் இடம்தராத கட்டளை வரி அதைத் தாண்டியும் நீள்வது போன்றவை கூடுதல் லாபம். அவற்றுக்காக மட்டும் நான் ஷெல்லை மாற்றியிருக்க மாட்டேன். விளக்க வரிக்காக மாற்றுவேன்.

அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் இனி எத்தனை காலம் சுழலும் என்று சொல்ல முடியாது. எனவே மொத்தத்தையும் ஒரு மடிக்கணினியில் டாஸ்பாக்ஸுக்குள் நகலெடுத்து, அங்கேயும் ஃபோர்டாஸை ஏற்றியிருக்கிறேன். விளக்கங்கள் வெறும் உரை என்பதால் அப்படியே வந்துவிட்டன. விண்டோஸில் ஃபோர்டாஸின் வாரிசான டேக் கமாண்டும், டோட்டல் கமாண்டர் போன்ற கோப்பு மேலாளர்களும் அதே டிஸ்கிரிப்ட்.அயன் கோப்பைப் படிக்கும். பெரிய கிராணியிடம் ஃபோனில் கேட்டு எழுத வேண்டியவை இன்னும் சில பாக்கி. எக்ஸ்எக்ஸ் எதற்கு என்று அவருக்கே நினைவில்லை. அதன் விளக்கத்தில் “அழி: தெரியும்வரை ஓட்டாதே” என்று போட்டிருக்கிறேன்.