சின்னப்பாவின் கோவலன்

நாயாற்றிலிருந்து முல்லைத்தீவு வரையுள்ள கரையோரக் கிராமங்களில், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியிலே உப்பு நீரில் விளக்கெரிவதைத் தரிசித்தும், கூத்தைப் பயிற்றும் அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கோவலன் கூத்துக் களரியிலே வரவு ஆடுவதை விடியும் வரை கண்விழித்துப் பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். ஆகையால், 1942ஆம் ஆண்டில் ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘கண்ணகி’ திரைப்படத்தில் கோவலனாகத் தோன்றிய பி. யு. சின்னப்பாவின் நடிப்பைச் சீர்தூக்கிப் பார்க்கும் உரித்து நமக்கு உண்டு.

1916இல் புதுக்கோட்டையிலே நாடக நடிகரொருவரின் மகனாகப் பிறந்த சின்னப்பா, பாலிய வயதிலேயே மேடையேறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் வேடங்களுக்கு உயர்ந்தவர். பிற்காலத்தில் தமிழ்நாட்டையே ஆண்ட எம். ஜி. ராமச்சந்திரனும் அந்தக் கம்பெனியிலே பயின்றவர்தான். பாய்ஸ் கம்பெனிகளின் வாழ்வும் தாழ்வும் பிள்ளைகளின் குரலிலே தங்கியிருந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் குந்தியிருப்பவனின் செவிக்கும் எட்டும்படி உச்ச ஸ்தாயியில் பாட வல்ல சிறுவனுக்கே அங்கு மதிப்பு. பதின்மப் பருவத்தில் மகரக்கட்டு வந்து சாரீரம் உடைந்துவிட்டால், நேற்று வரை அரசனாக நின்றவன் இன்று வேடமில்லாதவனாகி வீடு திரும்புவான். அத்தகைய துர்ப்பாக்கியம் சின்னப்பாவையும் விடவில்லை. ஆயின், மனந்தளர்ந்து ஒதுங்காமல், ஒருபுறம் சங்கீதத்தை முறைப்படி அப்பியாசம் செய்தும், மறுபுறம் சிலம்பமும் பளு தூக்குதலும் பழகியும், உடைந்த சாரீரத்தைப் புதிய சாரீரமாகவும் மெலிந்த சரீரத்தை வீரனின் சரீரமாகவும் ஆக்கிக்கொண்டார் அவர்.

அவருடைய நடிப்பின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. 1936இல் ‘சந்திரகாந்தா’ மூலம் திரைக்கு வந்தவர், 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் பூண்டபோது, நல்லவனையும் தீயவனையும் ஒப்பனையால் மட்டுமன்றி நடையாலும் தோள் நிமிர்விலும் வேறுபடுத்தினார். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில், பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் தாமே பலராக ஒரே காட்சியில் அமர்ந்திருக்கும் கட்டத்தை இன்று பார்ப்பவரும் வியப்பர். கமெராவின் தந்திரம் அதில் பாதிதான். ஒவ்வோர் உருவத்தின் கையும் தலையசைவும் தாளத்தோடு பொருந்தி நிற்பது லய ஞானமில்லாத நடிகனுக்குக் கைகூடாது. கானத்தால் மட்டும் நோக்கின் அவர் காலத்து மற்றப் பாடக நடிகரான தியாகராஜ பாகவதரே முன் நிற்பார். நடிப்பையும் சேர்த்து நிறுத்தால் தராசு சின்னப்பாவின் பக்கமே தாழும்.

‘கண்ணகி’ படத்தின் உச்சக் கட்டம் கண்ணகியாக நடித்த கண்ணாம்பாளுடையது. இளங்கோவனின் வசனத்தை அவர் பாண்டியன் சபையிலே முழங்கும்போது, கோவலன் கொலையுண்டு போயிருக்கிறான். கீர்த்தியில் உயர்ந்துகொண்டிருந்த கதாநாயகன் ஒருவன், கதாநாயகியின் பெயரையே தாங்கிய படத்தில், உச்சத்துக்கு முன்னரே மடியும் பாத்திரத்தை ஏற்று, அவன் மோகத்தையும் பின்னாளைய பச்சாதாபத்தையும் மிகையின்றி நடித்துச் சென்றதனாலேதான், கண்ணகியின் கோபம் நம் நெஞ்சை நியாயமாகச் சுடுகிறது. நாடகமேடைப் பழக்கத்தால் சில வசனங்களைச் சபையை நோக்கி நீட்டிப் பேசும் குறை அவரிடம் இல்லாமலில்லை. அக்காலத்து நடிகர் அனைவருக்கும் பொதுவான அக்குறையைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை.

1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடம் தரித்த அந்த மகா நடிகர், 1951 செப்டெம்பர் 23ஆந் திகதி, முப்பத்தைந்தாம் வயதிலே காலமானார். நம் ஊர்க் களரிகளில் கோவலன் வேடங்கட்டும் இளைஞர்கள், அடுத்த ஒத்திகைக்கு முன்னர் ‘கண்ணகி’யை ஒருதரமேனும் பார்க்க வேண்டுமென்றும், அவர்களுக்கு அதைக் காட்டும் பொறுப்பை அண்ணாவிமார் ஏற்க வேண்டுமென்றும் வேண்டுகிறேன்.