மூன்று பூட்டு, ஒரே சாவி
நோயாளர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றைப் பற்றிய திறனாய்வு

திண்டுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பூட்டு. மலைக்கோட்டையின் நிழலில் வளர்ந்த அத்தொழிலுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரார் ஒருவர் தம் வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டுகள் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் உறுதியானவை; ஆனால் மூன்றுக்கும் சாவி ஒன்றே. அந்தச் சாவி திருடன் கையில் அகப்பட்டுவிட்டால், அவ்வீட்டுக்கு எத்தனை பூட்டு? எண்ணிக்கையில் மூன்று, பயனிலோ ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, நோயாளர் பாதுகாப்பைப் பற்றி உலகெங்கும் கற்பிக்கப்படும் ஒரு கொள்கையை எடைபோட்டுப் பார்ப்போம். எடைக்கல்லாக அதே திண்டுக்கல்லில் நிகழ்ந்த ஒரு துயரத்தை எடுத்துக்கொள்வோம்.

2024 டிசம்பர் 12

அன்றிரவு திண்டுக்கல்லில், திருச்சி சாலையில் இருந்த ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் எழுந்த புகை மேல்தளங்களை நிறைத்தது. தீயணைப்பு வீரர்களும் மற்றவர்களும் நோயாளிகளை வெளியேற்றி, ஆம்புலன்சுகளில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆயினும் ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் மாண்டனர். லிப்டினுள் சிக்கிப் புகையில் மூச்சுத் திணறியதே சாவுக்குக் காரணம் என்று கூறப்பட்டது. தீ எழக் காரணம் மின்கசிவாக இருக்கலாம் என்றும் முதலில் தெரிவிக்கப்பட்டது.

குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது விசாரணையின் வேலை. நம் கேள்வி வேறு. கீழே ஓரிடத்தில் பற்றிய நெருப்பு, மேலே வேறோர் இடத்தில் இருந்தவர்களின் உயிரை எப்படிக் குடித்தது? 'மின்கசிவு' என்ற ஒரு சொல் இதற்கு விடையாகுமா?

அச்சொல்லே தெளிவற்றது. கம்பியிலிருந்து மின்சாரம் உடல் வழியாகவோ சுவர் வழியாகவோ நிலத்துக்கு இறங்குவது கசிவு. இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுப் பெருமின்னோட்டம் பாய்வது குறுக்குச் சுற்று. கம்பி இணைப்பு தளர்ந்து அவ்விடம் மட்டும் மெல்லச் சூடேறிக் கனல்வது மூன்றாவது வகை. முதலிரண்டையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்க வெவ்வேறு கருவிகள் உள்ளன. மூன்றாவதை அவ்விரண்டு கருவிகளும் அறியாமல் போகலாம். எல்லாவற்றையும் 'மின்கசிவு' என்று சொல்லி முடித்துவிட்டால், எந்தக் கருவி இல்லாமற்போயிற்று என்ற கேள்வி எழாது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. மின்கசிவு தீயை மூட்டலாம்; நோயாளியை லிப்டில் அடைத்து வைப்பது மின்கசிவு அன்று.

ரீசனின் பாலாடைக் கட்டி

இங்கேதான் நாம் ஆராயவந்த கொள்கை உதவிக்கு வருகிறது. இதை வகுத்தவர் ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலறிஞர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மனிதத் தவறு பற்றி அவர் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. அக்கருத்துகளை மருத்துவத்துக்குப் பொருத்தி, 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை பெரும்புகழ் பெற்றது.

சுவிட்சர்லாந்துப் பாலாடைக் கட்டியில் ஆங்காங்கே ஓட்டைகள் இருக்கும். அதைத் துண்டுகளாக வெட்டி வரிசையாக நிறுத்தினால், ஒரு துண்டின் ஓட்டையை அடுத்த துண்டு மறைத்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இத்துண்டுகளைப் போன்றவை என்றார் ரீசன். ஒவ்வொன்றிலும் குறை உண்டு. எல்லாக் குறைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையும்போதுதான் விபத்து உள்ளே புகுந்து வெளியே வருகிறது. குறைகளையும் அவர் இருவகையாகப் பிரித்தார். செவிலி மருந்தை மாற்றிக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் குறை. ஒரேமாதிரித் தோன்றும் இரு மருந்துப் புட்டிகளை ஒரே தட்டில் அடுக்கவைத்த ஏற்பாடு, மறைந்து கிடக்கும் குறை.

இக்கொள்கையின் பெருமையை மறுக்க முடியாது. அதுவரை மருத்துவமனையில் தவறு நேர்ந்தால், 'யார் செய்தது?' என்பதே முதற்கேள்வி. ஒருவரைப் பணிநீக்கம் செய்வர். புட்டிகள் அதே தட்டில் இருக்கும். அடுத்து வருபவரும் அதே தவற்றைச் செய்வார். 'ஏற்பாட்டில் எங்கே ஓட்டை?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார் ரீசன்.

அவ்வாறு கேட்டதன் பயனையும் உலகம் கண்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருத்துவர், மயக்க மருந்து வல்லுநர், செவிலி ஆகியோர் சேர்ந்து வாய்விட்டுச் சரிபார்க்கும் ஒரு பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைக் கையாண்டு பார்த்தனர். அறுவை செய்துகொண்டவர்களில் இறந்தோர் 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தனர் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. விலை ஒரு தாள்!

கொள்கை எங்கே சறுக்குகிறது?

இனி, எதிர்ப்பக்கம். மாணவர்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடுப்பு பத்து முறைக்கு ஒரு முறை தவறும் என்று கொள்வோம். அத்தகைய மூன்று தடுப்புகள் இருந்தால் மூன்றும் சேர்ந்து தவறுவது எத்தனை முறைக்கு ஒருமுறை? 10 × 10 × 10 = 1000 முறைக்கு ஒருமுறை என்பீர்கள். சரிதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் தவறுக்கும் மற்றொன்றின் தவறுக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. மூன்றையும் ஒரே காரணம் முடக்கிவிடுமானால், விடை ஆயிரத்தில் ஒன்று அன்று, பத்தில் ஒன்றேதான். திண்டுக்கல்காரரின் மூன்று பூட்டுக் கதையும் இதுவே.

ஓட்டைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, திறந்தும் மூடியும் இடம் மாறியும் கொண்டே இருக்கின்றன என்று ரீசனே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தந்த படத்தில் துண்டுகள் தனித்தனியே நிற்கின்றன. படத்தைப் பார்த்தவர்கள் துண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா? இருக்கிறது. எச்சரிக்கை மணி? இருக்கிறது. லிப்ட், மாடிப்படி, அவசர விளக்கு? எல்லாம் இருக்கின்றன. சான்றிதழ் தயார்! ஒரே நெருப்பு இவற்றுள் எத்தனையை ஒருசேரத் துளைக்கும் என்று கேட்பவர் இல்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீ மூண்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, அல்லது தானே அறுகிறது. உடனே விளக்கு அணைகிறது, லிப்ட் நடுவழியில் நிற்கிறது, தனி பாட்டரி இல்லாத எச்சரிக்கை மணியும் ஊமையாகிறது. படியும் லிப்டும் அருகருகே இருந்தால் ஒரே புகை இரண்டையும் அடைக்கிறது. இரவாக இருந்தால் ஊழியரும் குறைவு. இவை ஐந்து தனித்தனி விபத்துகள் அல்ல. ஒரே சாவி திறந்த ஐந்து பூட்டுகள்.

புகை செல்லும் வழி

லிப்ட் ஏறி இறங்கும் குழி, கட்டடத்தின் அடி முதல் முடிவரை செல்லும் ஓர் உயர்ந்த குழாய். சூடான காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலெழும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஆகவே அக்குழி புகைபோக்கியாக மாறி, ஒவ்வொரு தளத்தின் கதவிடுக்கு வழியாகவும் புகையைக் கக்குகிறது. லிப்ட் பெட்டி காற்றுப் புகாத பெட்டியும் அன்று. நெருப்பு எட்டாத உயரத்தில் நின்றாலும் அதனுள் புகை எட்டிவிடும்.

புகையின் கொடிய பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடம் அடைபட்டு, மனிதன் சோர்ந்து மயங்குகிறான். ஈரத்துணியால் மூக்கை மூடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கரித்துகளை ஓரளவு தடுக்கும், இவ்வாயுவைத் தடுக்காது.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று ஆம்ரி மருத்துவமனையில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் இறந்ததும் பெரும்பாலும் புகையாலேயே. தீ பற்றியது நிலவறையில். குளிர்சாதனக் குழாய்கள் புகையை மேல்தளங்களுக்குக் கொண்டு சென்றன. குளிர்ச்சி வெளியேறாமல் அடைத்த கண்ணாடிச் சுவர்கள் அதை வெளியே விடவில்லை. வசதிக்காகச் செய்த ஏற்பாடுகளே தீயின் கூட்டாளிகள் ஆயின.

நடக்க இயலாதவருக்கு எது வழி?

'தீப்பிடித்தால் லிப்டில் ஏறாதீர். படியில் இறங்குக' என்ற பலகையை நாம் எங்கும் காண்கிறோம். நல்ல அறிவுரை, கால் உள்ளவர்களுக்கு. தொடை எலும்பில் தகடு பொருத்தி, மாவுக்கட்டுடன் கிடப்பவர் எப்படிப் படியில் இறங்குவார்? எலும்பு முறிவு மருத்துவமனையில் லிப்டை நாடுவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அங்கே வேறு வழி இருந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி. நகர முடியாமை எத்தகைய மரணப்பொறி என்பதைத் தமிழகம் முன்பே அறியும். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர்.

இதற்கு அறிவியல் கண்ட வழி, கீழே இறக்குவதற்கு முன் பக்கவாட்டில் நகர்த்துவது. ஒவ்வொரு தளத்தையும் தீயும் புகையும் புகாத சுவராலும், தானே மூடிக்கொள்ளும் கதவாலும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துவிடுவார்கள். ஒரு பகுதியில் புகை சூழ்ந்தால், நோயாளியைக் கட்டிலோடு அடுத்த பகுதிக்கு உருட்டிச் சென்று கதவைச் சாத்தலாம். லிப்ட் வேண்டாம், படி வேண்டாம், ஒரு செவிலியே சிலரைக் காக்க முடியும். இந்தத் தடுப்புக்கு மின்சாரமும் தேவையில்லை. அதாவது இந்தப் பூட்டுக்குச் சாவி வேறு.

இந்தியத் தர நிறுவனம் 2016இல் வெளியிட்ட தேசியக் கட்டடக் குறிநூலில் மருத்துவமனைகளுக்கு இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் குறிநூல் தானாகச் சட்டமாகிவிடாது. மாநில அரசும் உள்ளாட்சியும் விதியாக்கி, நேரில் வந்து பார்த்து, நிறைவேற்ற வேண்டும். மேலும், உயர்ந்த கட்டடங்களுக்கான கடும் நிபந்தனைகளுக்கு அந்நூல் கொண்டுள்ள அளவுகோல் 15 மீட்டர் உயரம். நம் மாவட்டத் தலைநகரங்களில் கடைத்தெருக்களை ஒட்டி எழுந்துள்ள மூன்று, நான்கு மாடி மருத்துவமனைகள் பல இந்த அளவுக்குக் கீழே நின்றுவிடக்கூடும். கட்டடத்தின் உயரத்தைவிட, உள்ளே கிடப்பவருள் எத்தனை பேரால் எழுந்து நடக்க முடியும் என்பதே மருத்துவமனைக்கு ஏற்ற அளவுகோல்.

முடிவாக

ரீசனின் கொள்கையைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆள்தேடும் வழக்கத்திலிருந்து நம்மை மீட்ட கொள்கை அது. அதனுடன் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். எத்தனை தடுப்புகள் என்று எண்ணியபின், 'இவற்றுள் எவையெவை ஒரே காரணத்தால் ஒன்றாக விழும்?' என்று கேட்க வேண்டும். மின்சாரம் நின்றால் எவை நிற்கும்? கீழ்த்தளம் புகைந்தால் எவை அடைபடும்? இரவு இரண்டு மணிக்கு எவை தூங்கும்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத மருத்துவமனைக்குச் சான்றிதழ் தரக்கூடாது.

வாசகர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. நாம் எல்லோரும் என்றேனும் ஒருநாள் நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் படுத்துறங்குபவர்கள்தாம். சென்ற முதல் நாளே, லிப்டிலிருந்து விலகி இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒருமுறை அதில் நடந்து பாருங்கள். பெட்டிகளும் பழைய கட்டில்களும் வழியை அடைத்திருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அந்தக் கதவில் பூட்டுத் தொங்கினால், சாவி யாரிடம், அவர் இரவில் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். விடை திருப்தியாக இல்லாவிட்டால், பூட்டைக் கழற்றும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.