குழாயடிச் சண்டையும் நமது இலக்கியமும்

எழுத்தாளர் இருவர் ஒரு சஞ்சிகையிலே கருத்து மோதலில் ஈடுபட்டால், மூன்றாமவர் ஒருவர் எழுந்து, "இது வெறும் குழாயடிச் சண்டை" என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சட்டசபையிலே கூச்சல் எழுந்தாலும் அதே தொடர். கட்சியொன்று பிளவுபட்டாலும் அதே தொடர். பொருளற்றது, தரங்கெட்டது, நாகரிகமற்றது, சுருங்கக் கூறின் ஏழைப் பெண்டிர்க்கே உரியது என்னும் ஏளனம் முழுவதும் அந்தத் தொடருக்குள் அடங்கிக் கிடக்கின்றது. உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பதாகக் கூறிக்கொள்வோரும் இதற்கு விலக்கல்லர். நாமும் இத்தொடரை எழுதியிருக்கிறோம். எழுதியபோது நமது பேனா தயங்கியதில்லை.

சொற்களுக்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே வர்க்கச் சார்பும் உண்டு. ஆதலின், இத்தொடர் எந்தச் சமுதாய நிலைமையிலே பிறந்தது, யாருடைய வாயிலே வளர்ந்தது என்று வினவுவது மொழி நூலாரின் பணி மட்டுமன்று. இலக்கிய விமர்சனத்தின் கடமையுமாகும்.

கிராமத்திலே கிணற்றடி உண்டு, குளக்கரை உண்டு, ஆற்றுத் துறை உண்டு. அங்கும் பெண்டிர் கூடினர், நீர் முகந்தனர், பூசலும் இட்டிருப்பர். ஆயினும் நமது பழஞ்செய்யுள் தொடக்கம் நாட்டார் பாடல் ஈறாக, நீர்த்துறை என்றதும் தலைவியும் தோழியும் காதலுமே புலவர் கண்முன் தோன்றின. துறை காதலுக்குரிய களமாகவும், குழாயடி வசைக்குரிய களமாகவும் ஆனமைக்குக் காரணம் யாது? நீர் எடுக்கச் சென்ற பெண்ணின் இயல்பு மாறிவிட்டதா? அன்றி, அவள் நீர் எடுக்கும் நிலைமை மாறிவிட்டதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, குழாய் நமது மக்களின் வாழ்விலே புகுந்த வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். தமிழ் வழங்கும் நகரங்களுள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது சென்னை.

சென்னையிலே 'ஏழு கிணறு' என்று இன்றும் வழங்கும் ஒரு பகுதி உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில், 1772ஆம் ஆண்டிலே, அங்குக் கிணறுகள் தோண்டி நீர் எடுக்கும் திட்டம் ஏற்பட்டது. அந்நீர் முதன்மையாகச் சென்றது புனித ஜோர்ஜ் கோட்டைக்கு. கிணறு இருந்தது கோட்டைக்கு வெளியே, சுதேச மக்கள் வாழ்ந்த பக்கத்திலே. தாகம் தீர்க்க வேண்டியிருந்ததோ கோட்டைக்குள் இருந்த பட்டாளத்துக்கு. ஒரு நூற்றாண்டு கழித்து, பிரேசர் என்னும் பொறியியலாளர் 1866ஆம் ஆண்டிலே வகுத்த திட்டத்தின்படி, கொசத்தலை ஆற்றுக்குக் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினர். செங்குன்றத்திலிருந்து திறந்த மண் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த நீர், 1872ஆம் ஆண்டு முதல் இரும்புக் குழாய்களிலே நகருக்குள் ஓடியது. வடிகட்டப்படாத நீர் அது. மேட்லி என்ற பொறியியலாளரின் மேற்பார்வையிலே கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்து 1914ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கும்வரை, நாற்பதாண்டுக் காலம் நகரமாந்தர் அந்த நீரையே பருகினர். மேட்லியின் பெயர் தியாகராய நகரிலே ஒரு வீதிக்கு இன்றும் உண்டு.

"அந்நியர் குழாயைக் கொண்டுவந்தது நன்மையல்லவா?" என்று கேட்போர் உளர். நன்மைதான், அதனை மறுப்பது நமது நோக்கமன்று. வடிகட்டிய நீர் வாந்திபேதியைத் தடுக்க வல்லது என்பது விஞ்ஞான உண்மை. ஆனால் நீர் நகரத்துக்கு வந்தது என்று கூறுவதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. நகரத்துக்கு வந்த நீர் எந்த வீட்டுக்குள் சென்றது, எந்தத் தெருமுனையிலே நின்றுவிட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மேட்லி காலத்துத் திட்டம், 1961ஆம் ஆண்டிலே நகரின் சனத்தொகை 6 இலட்சத்து 60 ஆயிரமாக இருக்கும் என்று மதிப்பிட்டு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 25 கலன், அதாவது ஏறத்தாழ 114 லீற்றர் நீர் என்று கணக்கிட்டது. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே சனத்தொகை ஏழரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1961ஆம் ஆண்டிலோ பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்டுவிட்டது. 1944ஆம் ஆண்டிலே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்ட போதிலும், கணக்குக்கும் வாழ்வுக்கும் இடையிலான பள்ளம் நிரம்பவில்லை. இம்மதிப்பீட்டுப் பிழையைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. "ஆளொன்றுக்கு" என்னும் அந்தச் சராசரிச் சொல்லே ஒரு மறைப்பு. மாடி வீட்டிலே குளியலறைக் குழாயைத் திருகுபவனும் ஓர் ஆள்; சேரியிலிருந்து தெருமுனைக்கு நடந்து வருபவளும் ஓர் ஆள். ஏட்டிலே இருவருக்கும் 25 கலன் எழுதியாயிற்று; சமத்துவம் ஏட்டோடு நின்றுவிட்டது.

அந்த 25 கலனைப் பெண்ணின் இடுப்பிலே ஏற்றிப் பார்ப்போம். நடுத்தரமான பித்தளைக் குடம் ஒன்று மூன்று கலன் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆளுக்கு எட்டுக் குடம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட குடங்கள். நிறையோ 560 கிலோவுக்கு மேல்! இதனை ஒருத்தி நாள்தோறும் சுமக்க இயலாது, சுமக்கவுமில்லை. ஆகவே தெருக்குழாயை நம்பிய வீட்டின் நீர்க்கணக்கைப் பொறியியலாளர் வகுக்கவில்லை. அவ்வீட்டுப் பெண்ணே வகுத்தாள். குடிக்கவும் உலை வைக்கவும் முதற் குடங்கள். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. பாத்திரம் கழுவிய நீர் முற்றத்துக்கு. குழந்தையைக் குளிப்பாட்டிய நீர் துணி அலச. பெரியவர் குளிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள். விருந்தாளி வந்தால் அவள் குளிப்பது நாளை மறுநாள். ஒரு நகரத்தின் நீர் நிர்வாகம் இவ்வாறு இலட்சக்கணக்கான அடுக்களைகளிலே கூலியின்றி நடைபெற்றது. எந்தச் செலவுக் கணக்கிலும் அவ்வுழைப்பு இடம்பெறவில்லை.

இனிச் சண்டைக்கு வருவோம். பல குழாய்கள் ஒரே நேரத்தில் திறக்கப்படும்போது குழாய்த் தொடரின் கடைக்கோடியிலே அழுத்தம் குறையும். நீர் நூலாக இறங்கும். நீர் விடும் நேரமும் வரையறுக்கப்பட்டதாயின், முப்பது குடங்கள் காத்திருக்கையிலே இருபதாவது குடத்தோடு குழாய் வற்றிவிடும். பத்துப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும். அந்தப் பத்துப் பேர் யார் என்பதைத் தீர்மானிப்பதே குழாயடிச் சண்டை! வேலைக்குப் போகும் நேரம், கணவனின் பசி, பிள்ளையின் காய்ச்சல், யாவும் அந்த ஒரு குடத்திலே தங்கியிருக்கின்றன. இதிலே பொருளற்றது எது? சட்டசபை விவாதங்களிலே இதைவிடப் பொருளுள்ளவை எத்தனை? குழாயடியிலே சட்டமும் இருந்தது. முதல் நாள் இரவே வரிசையில் வைத்த குடம் அதற்குரியவளின் இடத்தைக் காக்கும்; பிள்ளைத்தாய்ச்சிக்கு வழிவிட வேண்டும்; ஒரு முறைக்கு ஒரு குடமே. சண்டை எழுந்தது பெரும்பாலும் இந்தச் சட்டம் மீறப்பட்டபோதுதான். நீதி கேட்டு எழுந்த குரலை, வீட்டுக்குள்ளே குழாய் வைத்திருந்த வர்க்கம் மாடியிலிருந்து கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டது; தன் அருவருப்பைத் தொடராக்கித் தமிழுக்கு வழங்கியது. அத்தொடரையே நாம் இரவல் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குழாயடியைப் புனிதப்படுத்துவது நமது கருத்தன்று. சாதி அங்கேயும் வந்து நின்றது. பொதுப்பணத்தில் அமைந்த நீர் பொதுநீராகிவிடும் என்று எண்ணினோர் ஏமாந்தனர். பம்பாய் மாகாணத்து மகாட் நகரிலே, பொதுக்குளத்தைத் தாழ்த்தப்பட்டோரும் பாவிக்கலாம் என்று நகரசபை 1924ஆம் ஆண்டிலே தீர்மானித்தது. தீர்மானம் தாளிலே இருந்தது. குளம் சாதி இந்துக்களின் கையிலே இருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சென்று அந்நீரைப் பருகியபோது அவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர் சாணமும் கோமியமும் கொண்டு குளம் 'சுத்தி' செய்யப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்ய 1937ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நமது யாழ்ப்பாணம் குழாய்களின் நகரமன்று, கிணறுகளின் நாடு. அங்கே துலாக் கயிற்றைத் தொடும் உரிமையே சாதிப் போராட்டத்தின் பொருளாயிற்று. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி 1960ஆம் ஆண்டிலே வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றமை, டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை ஆகியன தற்செயலானவை அல்ல. கிணற்றடியின் உண்மையை ஈழத்து முற்போக்கு இலக்கியம் கண்டுகொண்டது. ஆனால் கொழும்பிலே, 'தோட்டம்' என்று வழங்கும் நெருக்கக் குடியிருப்புகளிலே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக நின்ற ஒற்றைக் குழாயை அது எவ்வளவு தூரம் கண்டுகொண்டது? லபுகமை நீர் கொழும்புக்கு வந்தது 1880களிலே. அக்குழாயைச் சுற்றி வாழ்ந்தோரின் கதை அதற்குரிய அளவில் எழுதப்படவில்லை என்பதே நமது எண்ணம்.

சென்னைக் குழாயடியைப் பொறுத்தவரை, அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் குறிப்பிடாமல் இருக்கவியலாது. 1973ஆம் ஆண்டிலே நூலுருப்பெற்ற அந்நாவல் சுதந்திர இந்தியாவின் வறட்சிக் காலத்தைப் பேசுவதாயினும், அதிலே வரும் தெரு அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற குழாய்களை நம்பிய தெருவே. ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா ஆகிய மூன்று பெண்களின் வாழ்வும் குடத்தின் கனத்தோடு பிணைந்து செல்கின்றது. ஆசிரியர் யாரையும் ஏசுவதில்லை. கொள்கை முழக்கமும் செய்வதில்லை. இதனைக் குறையாகக் கூறும் முற்போக்கு வாசகர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நீர் தேடும் பெண்ணைச் சிரிப்புக்குரிய பாத்திரமாக்காமல், சிந்திக்கும் மனுஷியாகக் காட்டியதே பெரும் பணி. குறை வேறிடத்தில் உள்ளது. அந்நாவலின் பார்வை பெரும்பாலும் கீழ்நடுத்தர வர்க்கத்தின் தெருவோடு நின்றுவிடுகின்றது. அத்தெருவுக்கு அப்பால், ஒரு குழாயுமே எட்டாத குடிசைகளின் பெண் இன்னும் தனது நாவலாசிரியருக்காகக் காத்திருக்கிறாள். ஆலைத்தொழிலாளி அம்மாளுவைக் கொண்டு 1934ஆம் ஆண்டிலே புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' என்ற அழகிய சொல்லையே குற்றச்சாட்டாக மாற்றிக் காட்டினார். அத்தகைய துணிவு இங்கும் வேண்டும்.

குற்றத்தின் பெரும்பகுதி நம்முடையது. தொழிற்சாலைச் சங்கு, வேலைநிறுத்தம், கூலி உயர்வு என்பவற்றை எழுதினோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் சங்கு ஊதுவதற்கு முன்னர், விடியலுக்கு முன்பே எழுந்து அத்தொழிலாளிக்கு நீர் கொணர்ந்தவளின் உழைப்பை உழைப்பாக நாம் எண்ணவில்லை. ஆலை வாயிலிலே எழுந்த குரலைப் போராட்டம் என்றோம். குழாயடியிலே எழுந்த குரலைச் சண்டை என்றோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையிலே சென்னையின் ஏரிகள் வறண்டன; ஜோலார்பேட்டையிலிருந்து புகையிரதத்திலே நீர் கொண்டுவரப்பட்டது. பித்தளைக் குடத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் குடம் பிடித்திருந்தது. குழாயடியின் இடத்தைத் தண்ணீர் லொறி பிடித்திருந்தது. வரிசை மட்டும் மாறவில்லை. வரிசையிலே நின்றவர்களும் பெரும்பாலும் பெண்களே. அந்நிய ஆட்சி அகன்ற பின்னரும் அதன் பங்கீட்டு முறை அகலவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழாய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் செல்லும் நாளிலே 'குழாயடிச் சண்டை' என்ற தொடர் அகராதியிலே மட்டும் வாழும். அந்நாள் வரும்வரை எழுதுவோரும் கற்பிப்போரும் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. வகுப்பறையிலே ஒரு மாணவன் இத்தொடரைக் கட்டுரையிலே வசையாக எழுதும்போது, ஆசிரியர் அதன் கீழே கோடிட்டு, "அன்று நீர் விட்டது எத்தனை மணிக்கு? நின்ற குடங்கள் எத்தனை?" என்று கேட்கட்டும். நல்ல விமர்சனம் தொடங்குவதற்கு அக்கேள்விகள் போதும்.