எதிரி வராத யுத்தம்

டி.வி.யில் சக்கைப்போடு போட்ட ஒரு காமெடித் தொடரை சினிமாவாக எடுத்தால் ஏன் பெரும்பாலும் சொதப்பிவிடுகிறது? அதே பாத்திரங்கள், அதே யூனிஃபார்ம், பத்து மடங்கு பணம், பெரிய பெரிய நடிகர்கள். எல்லாம் இருந்தும் பத்தாவது நிமிஷத்தில் கொட்டாவி.

போன வாரம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டு சினிமாக்களையும் பார்த்தேன். 1971ல் வந்தது ஒன்று, 2016ல் வந்தது ஒன்று. நடுநடுவே பழைய டி.வி. எபிசோடுகளையும் போட்டுப் பார்த்துக்கொண்டேன். காரணம் ஓரளவு பிடிபட்டது. சொல்கிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கதை. 1940 மே மாதம். ஹிட்லர் எந்த நேரமும் பிரிட்டனில் வந்து இறங்கலாம் என்ற பயம். மந்திரி ஆண்டனி ஈடன் ரேடியோவில், பதினேழிலிருந்து அறுபத்தைந்து வயசு வரை உள்ள ஆண்கள் ஊர்க்காவலுக்கு வாருங்கள் என்று அழைக்கிறார். பேச்சு முடிவதற்குள் போலீஸ் ஸ்டேஷன்களில் க்யூ. துப்பாக்கி கிடையாது. துடைப்பக்கட்டையும் கத்தியும் வைத்து பரேட். பிற்பாடு 'ஹோம் கார்டு' என்று பெயர் மாறி, 1944 டிசம்பரில் ஓய்வு கொடுக்கப்பட்ட படை இது. நிஜமான பட்டாளத்தில் சேர முடியாத கிழவர்களும் பொடியன்களும் நிறைய இருந்ததால் ஜனங்கள் வைத்த செல்லப்பெயர்தான் 'டாட்ஸ் ஆர்மி'. அப்பாமார் படை.

சின்ன வயசில் அந்தப் படையில் நிஜமாகவே இருந்த ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட்டுடன் சேர்ந்து எழுதியதுதான் இந்தத் தொடர். பி.பி.சி.யில் 1968லிருந்து 1977 வரை 80 எபிசோடு. வால்மிங்டன் ஆன் ஸீ என்ற கற்பனை ஊர். பேங்க் மேனேஜர் மெயின்வாரிங் (எழுதுவதுதான் இப்படி, கூப்பிடுவது 'மானரிங்', இங்கிலீஷ்காரர்களை நம்பி எதையும் வாசிக்கக்கூடாது) தன்னைத்தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். பேங்கில் அவருக்குக் கீழே வேலை செய்யும் வில்சன், சார்ஜென்ட். கசாப்புக்கடை ஜோன்ஸ் லான்ஸ் கார்ப்பொரல். எல்லோரையும் 'பதறாதீர்கள்' என்று அதட்டுவார், பதறுகிற ஒரே ஆள் அவர்தான். வெட்டியான் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஃப்ரேஸர், கள்ள மார்க்கெட் வாக்கர், அம்மா கழுத்தில் மஃப்ளர் சுற்றி அனுப்பும் பையன் பைக், அடிக்கடி பாத்ரூம் போக அனுமதி கேட்கும் காட்ஃப்ரே.

இதில் யுத்தம் எங்கே என்று கேட்பீர்கள். யுத்தம் மெயின்வாரிங்குக்கும் வில்சனுக்கும். மெயின்வாரிங் தட்டுத்தடுமாறி மேலே வந்தவர். வில்சன் பெரிய இடத்துப் பையன், நல்ல ஸ்கூலில் படித்தவன், நிற்கிற தோரணையிலேயே அது தெரியும். 'ரொம்ப உசிதமா சார்?' என்கிற பாவனையில் ஒரு புருவம் உயர்த்துவார், மெயின்வாரிங் உள்ளே நொறுங்குவார். ஆர்தர் லோவும் ஜான் லே மெஷுரியரும் இதை ஒன்பது வருஷம் செய்தார்கள். இங்கிலீஷ்காரர்களின் ஜாதி வித்தியாசத்தைப் பற்றி புத்தகம் எழுதியவர்கள் இந்தப் புருவத்தைப் பார்த்திருந்தால் பாதி அத்தியாயம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது சினிமாவுக்கு வருவோம். சினிமாக்காரர்களுக்கு முதல் பிரச்னை எதிரி. தொண்ணூறு நிமிஷம் பேங்கும் சர்ச் ஹாலுமாக ஓட்டமுடியுமா? 1971 படத்தில் நடிகர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரிஜினல்தான், எழுதியவர்களும் அவர்கள்தான். டைரக்டர் நார்மன் கோஹன். தயாரிப்பு கொலம்பியா என்பதால் கடலுக்கு அக்கரையில் ஜெர்மன்காரர்கள் திட்டம் போடுவதைக் காட்டுகிறார்கள். கடைசியில் விமானத்திலிருந்து தப்பி வந்த மூன்று ஜெர்மன்காரர்கள் சர்ச் ஹாலில் ஊர் ஜனங்களைப் பிடித்துவைக்க, மெயின்வாரிங் துப்பாக்கியோடு நேருக்கு நேர் போய் நிற்கிறார்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று கசிந்து போய்விடுகிறது. டி.வி.யில் மெயின்வாரிங்கின் வீரம் சோதிக்கப்படாத வீரம். ஜெர்மன்காரன் வந்தால் இந்த ஆள் கடற்கரையில் குடையை வைத்தாவது சண்டை போட்டுச் சாவார் என்பது நமக்குத் தெரியும். அவன் வரவேயில்லை என்பதும் நமக்குத் தெரியும், சரித்திரம் படித்திருக்கிறோம். சிரிப்பும் கொஞ்சம் தொண்டை அடைப்பும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எதிரியை நிஜமாகவே கொண்டுவந்து நிறுத்தி, இவர் ஜெயித்தும் விட்டால், சாதாரண ஹீரோ ஆகிவிடுகிறார். சாதாரண ஹீரோக்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய ஸ்டாக் உண்டு.

டி.வி.யில் ஜெர்மன்காரர்களே வரவில்லையா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். வந்தார்கள். 1973ல் வந்த எபிசோடில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கேப்டனும் ஆட்களும் பிடிபடுவார்கள். தன்னை அவமதித்தவர்கள் பெயரையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே வரும் அந்தக் கேப்டன், ஹிட்லரைக் கிண்டலடித்துப் பாடிய பையனிடம் உன் பெயர் என்ன என்று கேட்க, மெயின்வாரிங் அவசரமாக, 'சொல்லாதே, பைக்!' என்பார். பிரிட்டனில் இதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவனியுங்கள், அந்த எபிசோடில் ஊரைக் காப்பாற்றுவது வீரம் இல்லை. கையெறி குண்டுகளில் நிஜ டெடனேட்டர் வை என்று மெயின்வாரிங் போட்ட ஆர்டரை வில்சன் சோம்பேறித்தனமோ ஜாக்கிரதையோ, பொம்மை டெடனேட்டர் வைத்துவிடுகிறார். அதனால்தான் ஜோன்ஸின் நிஜாருக்குள் போன குண்டு வெடிக்காமல் போகிறது. இதுதான் டி.வி. கணக்கு. எதிரி வந்தாலும் பிரச்னை மறுபடி மெயின்வாரிங்-வில்சனுக்குள்ளேயே முடியவேண்டும்.

2016 படம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. டைரக்டர் ஆலிவர் பார்க்கர். நடிகர் பட்டியலைப் பார்த்தால் மூச்சு நிற்கும். டோபி ஜோன்ஸ், பில் நை, டாம் கோர்ட்னி, மைக்கேல் காம்பன். ஒற்றனாக, மன்னிக்கவும், ஒற்றியாக கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். அழகி வருகிறாள், கிழவர்கள் தலைமுடியைச் சீவிக்கொள்கிறார்கள், கடற்கரையில் நிஜமாகவே துப்பாக்கிச் சண்டை. டோபி ஜோன்ஸ் நல்ல நடிகர். பாவம், ஒவ்வொரு காட்சியிலும் அவருக்குப் பின்னால் ஆர்தர் லோ நிற்கிறார்.

அழகி சமாசாரத்தில்தான் எனக்குக் கோபமே. 1970ல் டி.வி.யில் 'மம்ஸ் ஆர்மி' என்று ஒரு எபிசோடு. படையில் உதவிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள். மிஸஸ் கிரே என்று நடுவயசுப் பெண்மணி வருகிறார். மெயின்வாரிங் மனசைப் பறிகொடுத்துவிடுகிறார். ஊர் பேச ஆரம்பிக்க, அந்த அம்மாள் ரயில் ஏறிப் போய்விடுகிறார். ஸ்டேஷனில் இந்த விறைப்பான குண்டு மனிதர் போகாதே என்று கெஞ்சுகிறார். முப்பது நிமிஷத்தில் முடிந்துவிடும் அந்தக் கதை கொடுக்கும் வலியில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒற்றியின் வாலிப வளைவுகளில் இல்லை.

மிஸஸ் மெயின்வாரிங்கையும் படத்தில் காட்டிவிட்டார்கள்! டி.வி.யில் அந்த அம்மாள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. டெலிபோனில் அதட்டுவார், நமக்குக் கேட்காது. ஒரே ஒரு தடவை பதுங்கு அறையில் மேல் படுக்கை கீழ்நோக்கித் தொங்குவதைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் மனசில் ஒரு மிஸஸ் மெயின்வாரிங்கைக் கட்டி வைத்திருந்தோம். காட்டியதும் எல்லாம் சரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955லிருந்து 59 வரை பில் சில்வர்ஸ் நடித்த 'சார்ஜென்ட் பில்கோ' ஒரு அற்புதம். கேன்ஸஸில் யுத்தமே வராத ஒரு முகாம், சூதாட்டம்தான் முக்கியப் பயிற்சி. ஒரு எபிசோடில் அவசரத்தில் ஒரு சிம்பன்ஸியையே பட்டாளத்தில் சேர்த்துவிடுவார்கள். மெடிக்கல் டெஸ்ட் எல்லாம் பாஸ்! அதை 1996ல் ஸ்டீவ் மார்ட்டினை வைத்து எடுத்தவர் 'யெஸ் மினிஸ்டர்' எழுதிய இருவரில் ஒருவரான ஜொனாதன் லின். அவ்வளவு புத்திசாலி. இருந்தும் வில்லன், பழிவாங்கல், க்ளைமாக்ஸ். சில்வர்ஸின் பில்கோ கண்ணாடிக்குள் கண் மினுங்கும் ஒரு எத்தன், அவன் நமக்கு நல்லவனாக இருக்க முயற்சி செய்வதே இல்லை. மார்ட்டின் முயற்சி செய்கிறார். படத்தில் எனக்குப் பிடித்தது கடைசி டைட்டில்தான். அமெரிக்க ராணுவம் துளிக்கூட ஒத்துழைக்காததற்கு நன்றி தெரிவித்திருப்பார்கள்.

('மாஷ்' என்னாச்சு என்பவர்களுக்கு: அது முதலில் படம், 1970. அப்புறம்தான் டி.வி. தலைகீழ்க் கேஸ், இன்னொரு வாரம்.)

மறுபடி காட்ஃப்ரே. 1969ல் வந்த 'பிராண்டட்' எபிசோடை மட்டும் எப்படியாவது தேடிப் பாருங்கள். முதல் யுத்தத்தில் மனசாட்சி இடம் கொடுக்காததால் தான் சண்டை போட மறுத்தவன் என்று காட்ஃப்ரே தயங்கித் தயங்கிச் சொல்லிவிடுகிறார். அத்தனை பேரும் அவரை ஒதுக்குகிறார்கள். பிறகு பயிற்சியில் புகைக்குள் மாட்டிக்கொண்ட மெயின்வாரிங்கை இழுத்து வந்து காப்பாற்றுகிறவர் அவர்தான். படுத்திருக்கும் கிழவரைப் பார்க்க வீட்டுக்குப் போகிறார்கள். சுவரில் ஒரு போட்டோ, மார்பில் மெடல். ஸோம் யுத்தத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்கி, குண்டு மழையில் போய் அடிபட்டவர்களைக் கொண்டு வந்தவராம். முதல் யுத்தத்தில் ஒரு சண்டையும் பார்க்காத மெயின்வாரிங் அங்கே முழிக்கும் முழி...

காட்ஃப்ரேயாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி 1916ல் நிஜமாகவே ஸோமில் இருந்தவர். தலையில் துப்பாக்கிக்கட்டை அடி, கையில் பயனெட் குத்து. இடது கை கடைசிவரை சரியாக வேலை செய்யவில்லை. தொடர் ஆரம்பித்தபோது வயசு 72. கிழ ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன்னுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை, அவரோ இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன்காரர்களிடம் கைதியாக இருந்தவர். இவர்கள் யுத்தத்தைப் பற்றி ஜோக் அடிக்கும்போது அதற்குப் பின்னால் ஒரு உடம்பு இருந்தது. மைக்கேல் காம்பன் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தும் இதை ரிகர்சலில் கொண்டுவர முடியாது.

அதனால் வேறு நடிகர்களே கூடாது என்று சொல்லவில்லை. அந்த 80 எபிசோடில் மூன்றை பி.பி.சி. அழித்துவிட்டது. டேப் விலை அதிகம், மேலேயே வேறு எதையாவது பதிவு செய்வார்கள், அந்தக் கால வழக்கம். ஸ்கிரிப்ட் மிச்சம். 2019ல் 'கோல்ட்' சேனல்காரர்கள் அந்த மூன்றையும் புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். கெவின் மெக்நலி மெயின்வாரிங், ராபர்ட் பாதர்ஸ்ட் வில்சன். அதே வார்த்தைகள், அதே அரை மணி நேரம், எதிரே உட்கார்ந்து சிரிக்கும் ஜனங்கள். ஸீட்டா ஜோன்ஸ் கிடையாது, கடற்கரைச் சண்டை கிடையாது. இரண்டு நிமிஷம் 'இவர் அவர் இல்லையே' என்று தோன்றியது. மூன்றாவது நிமிஷம் வில்சன் புருவத்தை உயர்த்தினார், நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.