உயிரோடிருந்தவனை அறியாத ஊர்

பேய்ப்படம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஆயர் பெருமக்களுட் பலர் முகஞ்சுளிப்பர். அதற்கு நியாயமும் உண்டு. அவ்வகைப் படங்களிற் பெரும்பாலானவை அச்சத்தை விற்றுப் பிழைப்பவை. எனினும், 1968ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், அமெரிக்காவின் எஃகு நகரமாகிய பிட்ஸ்பர்கில், ஃபுல்டன் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் படத்தை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் இறையியல் மாணவருக்குத் தகாது என்பது நம் கருத்து.

இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ நியூயார்க்கிற் பிறந்தவராயினும், பிட்ஸ்பர்கிற் பயின்று, அங்கேயே விளம்பரப் படங்கள் எடுத்துத் தொழில் கற்றவர். பிரஸ்பிட்டேரியன் குருவானவராகிய ஃப்ரெட் ராஜர்ஸ், அயலாரன்பைக் குழந்தைகளுக்குக் கற்பித்த தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கென இவரைக் கொண்டு சிறு படமெடுத்ததும் உண்டு. ஹாலிவுட்டின் துணையின்றி, நண்பர்கள் பணம் சேர்த்து, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவிற் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் இது. அருகிலுள்ள எவான்ஸ் சிட்டியின் கல்லறைத் தோட்டமே முதற் காட்சிக்குக் களம். சுற்றுவட்டாரத்தாரே பிணங்களாகவும், பிணங்களை வேட்டையாடும் துப்பாக்கிக் கூட்டத்தாராகவும் நடித்தனர். செய்தியாளராக வருபவர், அந்நகரத்தார் தொலைக்காட்சியிற் கண்டு பழகிய பில் கார்டில். ஆகவே அன்று அரங்கில் அமர்ந்தோர் திரையிற் கண்டது தம் ஊரை.

தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் கொணர்ந்த தங்கை முழந்தாளிட்டு ஜெபிக்க, ஆலயத்தை மறந்த அண்ணன் அவளை ஏளனம் செய்கிறான். சற்றைக்கெல்லாம் மரித்தோன் ஒருவன் கையில் அவன் மாள்கிறான். பின்னர்ப் பண்ணைவீடொன்றில் எழுவர் அடைபட்டு, நிலவறையா மேல்தளமா எனப் பிணங்குகின்றனர். நோயுற்ற சிறுமி இறந்தெழுந்து தாயைக் கொல்லும் காட்சி காணச் சகியாதது. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சே காரணமெனச் சொல்லும் பகுதி வலுவற்றது. தங்கையைப் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்க விட்டதும் குறையே.

மரித்தோர் எழுகின்றனர், ஆயின் இது உயிர்த்தெழுதல் அன்று. எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தில் உலர்ந்த எலும்புகளுக்குள் ஆவி புகுகின்றது. இங்கு ஆவி இல்லை. உடலும் பசியும் மட்டுமே எழுகின்றன. பிணங்கள் மாம்சம் உண்பதில் திருவிருந்தின் கேலியைக் காண்பாரும் உளர். அது வலிந்து கொண்ட பொருளென்றே நாம் எண்ணுகிறோம். படத்தின் உண்மையான இறையியற் கேள்வி பிணங்களிடத்தில் இல்லை, இறுதிப் பத்து நிமிடங்களில் உள்ளது.

அவ்வீட்டில் எஞ்சுபவன் பென். அவனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். தேர்வுக்கு வந்தோருள் சிறந்தவர் என்பதாலேயே அவரைத் தெரிந்தெடுத்ததாக ரொமேரோ கூறியுள்ளார். பென் மாசற்றவனல்லன், சினத்தில் ஒருவனைச் சுட்டவன். மேலும், தான் இரவெல்லாம் எதிர்த்துப் பேசிய நிலவறையிற் புகுந்தே உயிர் தப்புகிறான். விடியலில் மீட்பர் வந்தனரென்று ஜன்னலண்டை வருகிறான். அவர்களோ அவனைப் பிணமெனக் கொண்டு நெற்றியிற் சுடுகின்றனர். யாரென்று ஒருவரும் குரல் கொடுத்துக் கேட்கவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட 1968 ஏப்ரல் 4ஆம் நாளுக்கு முன்னரே இப்படம் முடிந்திருந்தது. படச்சுருளுடன் நியூயார்க்குக்குச் செல்லும் வழியில் வானொலியில் அச்செய்தியைக் கேட்டதாக ரொமேரோ பின்னர் நினைவுகூர்ந்தார். இயக்குநர் கருதாத பொருளை வரலாறே படத்துள் வைத்துவிட்டது. ஆறு திங்கள் கழித்து அரங்கில் அமர்ந்தோர் முன், கறுப்பு மனிதன் ஒருவனைச் சுட்டு வீழ்த்தியவர் அந்நியரல்லர், அவர்தம் அயலார். லூக்கா 10ஆம் அதிகாரத்து ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றனர். இவர்கள் உதவிக்கென்றே வந்து கொன்றனர், கொன்றதை அறியவுமில்லை.

1999இல் இப்படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இன்று இதனைக் காண்பது எளிது. காணும் மாணவர் துப்பாக்கி வெடித்தவுடன் எழுந்துவிடலாகாது. அதன்பின் அசையாப் புகைப்படங்கள் சில வருகின்றன: இறைச்சிக் கொக்கிகள், பென்னின் உடல், அதனைச் சூழ்ந்து நிற்கும் சாதாரண மனிதர், விறகுக்குவியல். அமெரிக்கத் தெற்கிற் கறுப்பினத்தவரைக் கும்பல்கள் கொன்றபோது எடுக்கப்பெற்ற படங்களைக் கண்டிருப்போருக்கு இவற்றின் சாயல் விளங்கும். நின்றோரின் முகங்களை ஒவ்வொன்றாக உற்றுநோக்குக.